பாத் டீயும் வேது தண்ணியும்

போன தீபாவளிக்கு ஆபீஸ்ல குடுத்த பரிசுப் பெட்டியில சோன்பப்டி இல்லை. அதுக்குப் பதிலா ஒரு வாசனை மெழுகுவத்தி, ஒரு சோப்பு, அப்புறம் ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள எட்டு மஸ்லின் துணிப் பொட்டலம். மேல 'பாத் டீ'ன்னு ஆங்கிலத்துல வளைச்சு வளைச்சு எழுதியிருந்தது. உள்ள ரோஜா இதழ், லாவெண்டர், சாமோமில். நான் அதைச் சமையல் மேடையில வெச்சுட்டு, மிச்ச ஆணியைப் புடுங்க லேப்டாப் முன்னாடி உக்காந்துட்டேன்.

சாயந்திரம் பார்த்தா எங்க மாமனார் அதுல ரெண்டு பொட்டலத்தைப் பாலோட சேர்த்துக் கொதிக்க வெச்சு, சக்கரையும் போட்டு, "என்னம்மா இது, டீ சோப்பு வாசனை அடிக்குது? தேதி முடிஞ்சுபோச்சோ?"ன்னு கேக்குறார். பாதி டம்ளர் ஏற்கெனவே உள்ள போயாச்சு. பெட்டியோட பின்பக்கம் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்'னு இருந்ததைப் படிச்சதும் ரங்கமணி முகத்துல ஈயாடலை. நல்லவேளை, மாமாவுக்கு ஒண்ணும் ஆகலை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "குளிக்கிற தண்ணில போடுறதை ஏம்மா டீன்னு சொல்றான்? வேப்பிலை வென்னீர்னு சொன்னா விலை கம்மியாயிடுமோ?"

அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. ஏன்னா இந்த இலைத்தண்ணி விஷயத்துல நான் ரெண்டு தடவை தப்பு பண்ணியிருக்கேன், அதுவும் நேர் எதிரான ரெண்டு தப்பு. வெளியூர்ல குடும்பம் நடத்துற நம்ம ஆளுங்க நிறையப் பேர் இந்த ரெண்டுல ஒண்ணையாவது பண்ணிக்கிட்டு இருக்கோம்னு தோணுது. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

முதல் தப்பு, 2015 ஜனவரி. நொய்டால நல்ல குளிர். பொண்ணு பொறந்து, சிசேரியன் தையலோட வீட்டுக்கு வந்திருக்கேன். எங்க ஊரு நாகர்கோவில் பக்கம். அம்மா திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி பயணம் பண்ணி வந்து இறங்கினாங்க. கையில ஒரு சாக்கு மூட்டை. உள்ள ஈரத்துணி சுத்தின நொச்சித் தழை, புளிய இலை, வேப்பிலை. பாதி இலை வழியிலயே வாடிப் போயிருந்தது. எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்கு வேது குளின்னு ஒண்ணு உண்டு. பக்கத்துல இருக்கிற கேரளத்துலயும் அதே பேர்தான். இலைகளை அண்டாவுல கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியைச் சூடு ஆறுறதுக்குள்ள இடுப்புலயும் வயித்துலயும் வீசி வீசி ஊத்துவாங்க.

டாக்டரம்மா திட்டவட்டமா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தையல் காயம் ஆறுற வரைக்கும் சுத்தமா, உலர்ந்து இருக்கணும். சாதாரணத் தண்ணில மென்மையாக் குளிச்சாப் போதும். சூடா வயித்துல அடிச்சு ஊத்துற வேலையே கூடாது. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. இன்னிக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனா அதை அம்மாகிட்ட நான் சொன்ன விதம் இருக்கே... "இதெல்லாம் படிக்காதவங்க பண்ற வேலைம்மா. குப்பைத்தொட்டியில போடுங்க"ன்னேன். தூக்கமில்லாத ராத்திரி, தையல் வலி, எல்லாம் சேர்ந்த கோவம். அம்மா ஒண்ணும் பேசலை. சாக்கைத் தூக்கிட்டுப் பால்கனிக்குப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா அந்த இலையெல்லாம் பேப்பர் மேல பரப்பிக் காய வெச்சிருந்தாங்க. தூக்கிப் போட மனசு வரலை போல. ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுமந்துட்டு வந்தவங்க!

டாக்டர் வேண்டாம்னது தையல் மேல படுற சூட்டையும் இலைத்தண்ணியையும். நான் வேண்டாம்னது அம்மாவையே. வயித்துல ஊத்தவேண்டாம்மா, காலுக்கு வெதுவெதுன்னு ஊத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அன்னிக்கு வரலை.

ரெண்டாவது தப்பு 2020 நவம்பர்ல. பொண்ணுக்கு அஞ்சு வயசு, கொரோனா காலம், எல்லாரும் வீட்டுக்குள்ள. டெல்லிப் பக்கத்துக் குளிர் காத்துல அவளுக்கு முழங்கை மடிப்புலயும் முழங்கால் பின்னாடியும் தோல் வறண்டு சொறிஞ்சு சிவந்துபோச்சு. அந்த வருஷம் நான் அப்படியே மறுபக்கம் சாஞ்சிருந்தேன். பாட்டி வைத்தியம், இயற்கை வாழ்வியல்னு வர்ற செய்தியெல்லாம் ஒண்ணு விடாமப் படிச்சேன். நம்ம ஊர் ஆளுங்க இருக்கிற ஒரு குழுவுல யாரோ வித்த பொடி ஒண்ணு வாங்கினேன். 'இருபத்தொரு மூலிகை, பக்க விளைவே இல்லை'ன்னு லேபிள். மஸ்லின் துணியில கட்டி வென்னீர்ல ஊறப்போட்டு ஒரு வாரம் குளிப்பாட்டினேன். மூணாம் நாளே தோல் இன்னும் சிவந்தது. "மருந்து வேலை செய்யுது, உள்ள இருக்கிறது வெளிய வருது"ன்னு குழுவுல தைரியம் சொன்னாங்க. நானும் நம்பினேன் பாருங்க, அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. எட்டாம் நாள் குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிஞ்சு, முழங்கை மடிப்புல நீர் கசிஞ்சு, விடியக்காலைல அவ நகத்துல ரத்தம்.

தோல் டாக்டர் இதுக்குப் பேர் அடோபிக் டெர்மடைட்டிஸ், சுருக்கமா எக்ஸிமான்னு சொன்னார். அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இருபத்தொண்ணுல எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டார். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. அந்த ஒரு கேள்வியிலதான் என் இப்போதைய கொள்கை முழுக்க இருக்கு.

சரி, என் கருத்துக்கு வர்றேன்.

இலைத்தண்ணிக் குளியலை மருந்தாக்காதீங்க. குளியலாவே விடுங்க. குளியலா இருக்கிற வரைக்கும் அதை மாதிரி சுகம் கிடையாது. வெதுவெதுப்பு, வாசனை, இன்னொருத்தர் நமக்காக அரை மணி நேரம் செலவு பண்ணி ஊத்துற தண்ணி. இது மூணும் நிஜம். இதுக்கு ஆராய்ச்சிச் சான்று யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா 'சொறி போகும், அம்மை போகும், ரத்தம் சுத்தமாகும்'னு ஆரம்பிச்ச உடனே அது மருந்து. மருந்துன்னா அளவு என்ன, யாருக்கு ஆகாது, எப்ப நிறுத்தணும்னு சொல்ல ஆள் வேணும். பொடி பாக்கெட் விக்கிறவர் அதைச் சொல்றதில்லை.

இந்த இடத்துல யாராவது வேம்புக் காப்புரிமைக் கதையைச் சொல்வீங்க, தெரியும். வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாப் பயன்படுத்துற ஒரு முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல காப்புரிமை குடுத்தது. இது நாங்க காலங்காலமாப் பண்றதுதான்னு நம்ம தரப்புல வழக்காடி, 2000-ல அது ரத்தாச்சு. மேல்முறையீடும் 2005-ல தள்ளுபடியாச்சு. எனக்கும் அதுல பெருமைதான். ஆனா அந்த வழக்குல ஜெயிச்சது 'இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை'ங்கிற வாதம். வேப்பிலை எல்லாத்தையும் குணமாக்கும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலை. இன்னொரு பக்கத்தையும் பாருங்க: குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயைக் குடிக்கக் குடுத்து மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய டாக்டர்கள் 1981-லயே லான்செட்ல எழுதியிருக்காங்க. அதுவும் அதே மரம்தான். அதனால எங்க வீட்டுல குளிக்கிற தண்ணி ஒரு சொட்டும் குழந்தை வாய்க்குள்ள போகக்கூடாது. மாமனார் வாய்க்குள்ளயும்தான் :-)

ரெண்டாவது கருத்து. ஊர்ல இருந்து பார்சல் வரணும்னு அவசியமே இல்லை. நாம இருக்கிற ஊர்லயே இலை இருக்கு, பேர்தான் வேற. டெல்லியில வேப்பமரத்துக்குப் பஞ்சமா? லுட்யன்ஸ் காலத்துச் சாலைகள்ல வரிசை வரிசையா நட்டு வெச்சிருக்காங்க. நொச்சிக்கு இங்க நிர்குண்டி, சம்பாலுன்னு பேர். எங்க அடுக்குமாடி வேலி ஓரத்துல புதரா மண்டிக்கிடந்ததை ஆறு வருஷமா தினம் தாண்டிப் போயிருக்கேன், தெரியலை. அம்மா ஒரு நாள் காலைநடையில நின்னு, ஒரு இலையைக் கசக்கி என் மூக்குகிட்ட நீட்டினாங்க. "இது நம்ம நொச்சியில்லா மக்ளே!" தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா அவரும் தலையாட்டுறார், "நிர்குண்டி, மேடம்."

வெட்டிவேருக்காகப் பழைய டெல்லி காரி பாவ்லி மார்க்கெட் போனேன். என் ஹிந்தி லட்சணத்துல 'கஸ்கஸ்'னு கேட்டேன். கடைக்காரர் அழகா கால் கிலோ கசகசா நிறுத்துக் குடுத்துட்டார்! வெட்டிவேர்னா 'கஸ்'னு ஒரு தடவைதான் சொல்லணுமாம், ரெண்டு தடவை சொன்னா கசகசா. அன்னிக்கு வீட்டுல குருமா நல்லா இருந்தது. வெட்டிவேர் அடுத்த வாரம்தான் வந்தது. கோரைக்கிழங்கு வேணும்னா 'நாகர்மோத்தா'ன்னு கேளுங்க.

இப்ப எங்க வீட்டுல நடைமுறை என்னன்னு சொல்லிடுறேன்.

மாமா கேட்ட 'ஏன் டீ'ங்கிற கேள்விக்குப் பதில் இதுலதான் இருக்கு. இலை, பூவுக்கு டீ முறை. வேர், கிழங்கு, பட்டைக்குக் கஷாய முறை. துளசி, ரோஜா, நொச்சி மாதிரி வாசனை இருக்கிறதைக் கொதிக்க விட்டா வாசனை எல்லாம் ஆவியாப் போய் பக்கத்து வீட்டுக்காரங்கதான் அனுபவிப்பாங்க. தண்ணியை மட்டும் கொதிக்க வெச்சு, அடுப்பை அணைச்சு, இலையைப் போட்டு, மூடி போட்டு இருபது நிமிஷம். கிழங்கு, பட்டையை இடிச்சுப் போட்டுச் சிறு தீயில பத்துப் பதினஞ்சு நிமிஷம். வெட்டிவேர் மட்டும் பொறுமைசாலி. அலசி மண்ணை எடுத்துட்டு முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலைல லேசாச் சூடு பண்ணினாப் போதும்.

அளவு ரொம்ப சுலபம். ஒன்றரை லிட்டர் தண்ணிக்கு ரெண்டு கைப்பிடி பச்சை இலை, இல்லைன்னா ஒரு கைப்பிடி காஞ்சது. பழைய வேட்டித் துணியில வடிகட்டி, அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில கலந்துக்கணும். அந்தப் பாத் டீ பெட்டியில போட்டிருந்த படத்துல ஒரு அம்மணி தொட்டியில கண்ணை மூடிப் படுத்திருந்தாங்க. நம்ம பாத்ரூம்ல வாஷிங் மெஷினுக்கும் கீஸருக்கும் நடுவுல நாம நிக்கிறதே பெரிசு. முதல்ல வழக்கம்போலக் குளிச்சு முடிச்சுட்டு, கடைசியா இதை நிதானமா ஊத்திக்கிட்டாப் போதும்.

அனுபவத்துல கத்துக்கிட்ட சில விஷயம்:

ஒரு தடவைக்கு ஒரே ஒரு இலை. அதை ரெண்டு வாரமாவது பார்த்துட்டுத்தான் அடுத்தது. அந்த டாக்டரோட கேள்வி ஞாபகம் இருக்கட்டும். ஏதாவது ஒத்துக்கலைன்னா எதுன்னு தெரியணும். முதல் தடவை முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவிட்டு ஒரு நாள் காத்திருங்க.

பொடியா வாங்காதீங்க. இலையை இலையா, வேரை வேரா வாங்குங்க. முழுசா இருந்தா என்னன்னு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். பொடிச்சுட்டா எல்லாம் ஒரே பழுப்பு நிறம்தான். தவிர, பொடி பாத்ரூம் குழாயை அடைக்கும். பிளம்பர் குடுக்கிற பில்லுக்கு எந்த மூலிகையும் கிடையாது.

செவ்வந்தி, துலுக்க சாமந்தி தொட்டா அரிக்கிறவங்க சாமோமில் பக்கமே போகவேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சைச் சாறு, தோல் எதுவும் கலக்கவேண்டாம், அந்தச் சாறு தோல்ல பட்டு வெயில்ல போனா கொப்புளிச்சுக் கறுத்துப்போகும். சாலையோர மரத்து இலையை நல்லா அலசுங்க. மருந்து அடிச்ச பூங்கா இலையைத் தொடவே தொடாதீங்க.

நெல்லிக்காய், கடுக்காய் போட்டுத் தண்ணி மை மாதிரி கறுத்தா பயந்துடாதீங்க. அதுல இருக்கிற துவர்ப்பும் போர் தண்ணில இருக்கிற இரும்பும் சேர்ந்தா அப்படித்தான் ஆகும். அந்தக் காலத்துல எழுதுற மையே அப்படித்தான் செஞ்சாங்க. வெள்ளை டைல்ஸ் போட்ட வாடகை வீடுன்னா யோசிச்சுக்குங்க.

செஞ்சதை அன்னிக்கே தீர்த்துடுங்க. மூலிகைத் தண்ணின்னு சொன்னாலும் ரெண்டு நாள் வெச்சா ஊசிப்போற சமாச்சாரம்தான்.

பச்சிளங்குழந்தைக்கும், காயம், தையல், நீர் கசியிற சொறி எது இருந்தாலும் வேண்டவே வேண்டாம். எக்ஸிமா இருக்கிற குழந்தைக்கு எங்க டாக்டர் சொன்னது ரொம்பச் சாதாரணம்: அஞ்சு பத்து நிமிஷக் குளியல், வெதுவெதுப்பான தண்ணி, துவட்டின கையோட ஈரம் காயுறதுக்குள்ள மாய்ஸ்சரைசர். தண்ணில ஏதாவது போட்டே ஆகணும்னு கை துறுதுறுத்தா, அவர் சம்மதத்தோட, எதுவும் கலக்காத ஓட்ஸை நைஸா அரைச்சுத் துணியில கட்டிப் பக்கெட்ல பிழிஞ்சு விடுறேன். மாவா அரைச்ச ஓட்ஸை அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2003-லயே தோல் காப்புப் பொருளா ஏத்துக்கிட்டிருக்கு. பொண்ணுக்குப் பத்து வயசு தாண்டிடுச்சு, ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் எட்டிப் பார்க்குது, சமாளிக்கிறோம். இருபத்தொரு மூலிகை பண்ணாததை ஓட்ஸும் களிம்பும் பண்ணுது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், என்ன பண்றது. உண்மை பாட்டி வீட்டுலதான் இருக்கணும்னு சட்டமா என்ன?

"அப்ப இதை எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டுப் பண்ணணும்? கீஸரைத் திறந்தா வென்னீர் வருதே"ன்னு ரங்கமணி கேக்குறார். சரியான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றேன்.

போன கார்த்திகையில அம்மா வந்திருந்தாங்க. இப்பல்லாம் முழங்கால் வலி, குனிஞ்சு எடுத்து ஊத்திக்க முடியலை. ஒரு ஞாயித்துக்கிழமை வேலி ஓரத்து நொச்சியைப் பறிச்சு, மூடி போட்டு ஊற வெச்சு, பாத்ரூம்ல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அம்மாவை உக்கார வெச்சேன். முழங்கால் வலிக்கு டாக்டர் குடுத்த மாத்திரை மேஜையில இருக்கு, உடற்பயிற்சி தனியா நடக்குது. நொச்சித் தண்ணி அந்த வலியைக் குணமாக்கும்னு நான் ஊத்தலை. நொச்சி வாசனை ஆவியோட எழும்பி வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் முதுகுல ஒரு சொம்பு, தோள்ல ஒரு சொம்பு, முட்டியில ஒரு சொம்புன்னு நிதானமா ஊத்தினேன்.

"அன்னிக்கு அந்தச் சாக்கு விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா"ன்னேன். பத்து வருஷமாத் தொண்டையில நின்னது.

அம்மாவுக்கு முதல்ல எந்தச் சாக்குன்னே புரியலை. புரிஞ்சதும் சிரிச்சுட்டாங்க. "அதுவா? நீ சொன்னது சரிதானே மக்ளே. தையல்ல சூடுவெள்ளம் பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நான்தான் யோசிக்கலை. நீ இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து, ஆறிடப் போகுது."

அவ்வளவுதாங்க. எட்டுப் பொட்டலத்துல மிச்சம் ஆறு அப்படியே இருக்கு. பொட்டலத்தைக் குறை சொல்லலை, ரோஜா வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊத்துறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். அது பெட்டியில வராது.

நீங்க இருக்கிற ஊர்ல நொச்சிக்கு என்ன பேரு? உங்க வீட்டுப் பெரியவங்களை இந்த ஞாயித்துக்கிழமை வெளியில கூட்டிட்டுப் போய், வேலி ஓரத்து இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லுங்க. அப்படியே எனக்கும் சொல்லுங்க.